வாலிலிருந்து வாசித்த சொற்கள்

இக்கான் பிலிஸ் என்னும் காய்ந்த நெத்திலியின் தலையைக் கிள்ளும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். காய்ந்த சுள்ளி ஒடிவதைவிட மெல்லிய சத்தம். இன்று காலை ஒரு தட்டு நிறையக் குவித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் மீனின் தலை ஒடிந்ததுமே சமையலறை காணாமல் போய்விட்டது. வெளிர்பச்சைத் திரை வந்தது, சக்கரம் வைத்த மேசை வந்தது, பக்கத்துக் கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டே பேசும் ரோஸ்லின் வந்தாள்.

நாளை சாஆ என்ற ஊருக்குப் போகிறேன், அவளைப் பார்க்க. இந்த மீனையும் மிளகாயையும் வதக்கிய ஒரு போத்தல் சம்பல் கொண்டுபோக வேண்டும். அதோடு, நான்கு மாதங்களாக என் தொண்டையில் முடிக்காமல் வைத்திருக்கும் ஒரு வாக்கியத்தையும். போவதற்கு முன் நடந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. கழுத்தில் கட்டி என்று கேட்டுப் பயந்து, எங்கேயோ ஒரு நாற்காலியில் எண் சீட்டோடு உட்கார்ந்திருக்கும் யாருக்காவது இது கைப்பிடியாக இருக்கலாம்.

என் பிழைப்பு குரல். ஜொகூர் பாருவிலும் சுற்று ஊர்களிலும் கல்யாண விருந்துகளுக்கு நிகழ்ச்சி அறிவிக்கும் எம்சியாகப் போகிறேன், பதினெட்டு வருடங்களாக. வாசலில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்பார்கள். உள்ளே ஐந்நூறு பேர் கோழியோடு மும்முரமாக இருப்பார்கள். அந்த ஐந்நூறு தலைகளையும் வாசல் பக்கம் திருப்புவதுதான் என் வேலை. அதற்கு ஒரு விதி உண்டு. பெயரைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். முதலில் அவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள், எப்படிச் சந்தித்தார்கள் என்று ஒவ்வொரு படியாக ஏற்றி, மேலே போய் நின்று பெயரை விட வேண்டும். பெயரை முன்னால் சொல்லிவிட்டால் கைதட்டல் முன்னால் வந்துவிடும். அப்புறம் சொல்வதெல்லாம் ஆறிப்போன கோப்பி. மற்ற நேரங்களில் நோட்டுப் புத்தகத்தில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன். கவிதை என்று நான் நினைப்பதை என் கணவர் சேகர் ‘நீளமான மளிகைச் சீட்டு’ என்பார்.

என் கட்டியை முதலில் பார்த்தது டாக்டர் இல்லை. கல்யாண வீடியோ எடுக்கும் முரளி. ஒருநாள் மத்தியானம் அழைத்தார்.

“அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எடிட் பண்ணிக்கிட்டு இருக்கேன். மேடையில நீங்க தண்ணி குடிக்கிறீங்க பாருங்க, அப்ப கழுத்துல ஏதோ ஏறி எறங்குது.”

“அதுக்குப் பேரு தொண்டை, முரளி. உங்களுக்கும் ஏறி எறங்கும்.”

“இல்லக்கா, இடது பக்கம் மட்டும். கோலிக்குண்டு மாதிரி. ஜூம் பண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

கண்ணாடி முன் நின்று ஒரு குவளை தண்ணீர் குடித்தேன். கோலிக்குண்டு ஏறியது. இறங்கியது. எத்தனை மேடைகளில் எனக்குத் தெரியாமல் அது என்னோடு ஏறி இறங்கியதோ.

அதற்குப் பிறகு வந்தவை காத்திருப்பு நாட்கள். கிளினிக், அங்கிருந்து ஒரு கடிதம், பெரிய அரசு மருத்துவமனை. காத்திருக்கும் கூடத்தில் பதிவு செய்த ஒரு பெண் குரல் எண்களை மட்டும் அழைத்துக்கொண்டே இருந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத குரல். இரண்டாயிரத்து நாற்பத்தேழு, கவுண்டர் மூன்று. அந்த எண் எழுந்து, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி நடந்தது. அந்தக் குரலிடம் மைக்கை வாங்கி எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாமா என்று கை ஊறியது.

கழுத்தில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். இன்னொரு நாள் மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில அணுக்களை உறிஞ்சி எடுத்தார்கள். வலி எறும்புக்கடிதான், பயம்தான் யானை. பிறகு முடிவு வந்தது. இளம் டாக்டர், மலாய்ப் பெண், சேகரையும் என்னையும் அருகருகே உட்காரவைத்து மலாயில் பொறுமையாகச் சொன்னார். கட்டி இருப்பது தைராய்டு சுரப்பியின் இடது பாதியில். நல்லதா கெட்டதா என்று ஊசியில் வந்த அணுக்களை வைத்துச் சொல்ல முடியாது. அந்தப் பாதியை எடுத்து, முழுசாகச் சோதித்தால்தான் தெரியும். இன்னொன்று. குரலை ஆட்டுவிக்கும் நரம்பு அந்தச் சுரப்பியின் முதுகை உரசிக்கொண்டு போகிறது. தொடாமல் எடுக்கத்தான் பார்ப்போம். சிலருக்குக் குரல் கொஞ்ச நாள் கம்மும். மிகச் சிலருக்குத் திரும்பாமலும் போகலாம்.

சுவாரா என்றால் மலாயில் குரல். பள்ளியில் படித்த சாதாரணச் சொல். அன்று அது மேசை மேல் விழுந்து உருண்டுகொண்டே இருந்தது.

காரைச் சேகர்தான் ஓட்டினார். சிங்கப்பூரில் கிடங்கு ஒன்றில் வேலை செய்கிறவர். தினமும் எல்லைப் பாலத்தின் நெரிசலில் நின்று நின்று, பேசாமல் இருப்பதில் பட்டம் வாங்கியவர். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, “சின்ன ஆப்பரேஷன்தான்லா, சாந்தி,” என்றார். எனக்குச் சொன்னாரா, ஸ்டியரிங்குக்குச் சொன்னாரா, தெரியவில்லை.

எங்கள் குடும்பத்தில் நோயின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுமாம், கூப்பிட்டால் வந்துவிடுமாம். அதனால் என் நாத்தனார் முதல் காஹாங்கில் இருக்கும் அண்ணன் வரை எல்லாரும் அதைக் ‘கழுத்து சமாச்சாரம்’ என்றே அழைத்தார்கள். அன்புதான். ஆனால் என் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதில் இருந்தது மலாயும் இல்லை, எனக்குத் தெரிந்த ஆங்கிலமும் இல்லை. ‘ஃபோலிக்குலர் நியோபிளாசம்’. ‘ஹெமிதைராய்டெக்டமி’. பெயர் சொல்லி அழைத்தே சோறு தின்பவள், எனக்குள் இருப்பதன் பெயரைப் படிக்கத் தெரியாமல் வார்டுக்குள் நுழைந்தேன்.

என் அறுவை இரண்டு முறை தள்ளிப்போனது. அவசரமான உடம்புகள் முன்னால் போயின. அதனால் ஐந்து நாட்கள் சும்மா படுத்திருந்தேன். அந்த ஐந்து நாட்களுக்காக இப்போது நன்றி சொல்கிறேன்.

முதல் நாள், காகிதத்தில் இருந்ததை நோட்டில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் மொட்டைத் தலையில் இப்போதுதான் முடி அரும்பிய ஒரு பெண், ஜெபமாலையை மருந்துக் கம்பியில் மாட்டிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது இளையவள்.

“அக்கா, அத முன்னாடி இருந்து படிக்காதீங்க. மூச்சு முட்டும்.”

“பின்ன எங்க இருந்து படிக்கிறது?”

“வாலப் புடிங்க.”

அவள்தான் ரோஸ்லின். சாஆக்காரி. ஊருக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் ரெக்கார்டு அறையில் இருபத்தொரு வருடமாகக் குமாஸ்தா. நோயாளிகளின் கோப்புகளை எடுத்துக் கொடுப்பதும், திரும்பி வந்ததை அதனதன் இடத்தில் வைப்பதும் அவள் வேலை.

“எங்க ரூம்ல ஃபைல முன் நம்பர் வச்சு அடுக்க மாட்டோம் அக்கா. கடைசி ரெண்டு நம்பரத்தான் முதல்ல பாப்போம். முன் நம்பர் வச்சு அடுக்கினா புதுசா வர்றது எல்லாம் ஒரே மூலையில குமிஞ்சிடும்; அந்த ஒரு அலமாரியில எல்லாரும் முட்டிக்கிட்டு நிப்போம். கடைசி நம்பர்னா ரூம் முழுக்கப் பரவலாப் போயிடும். பழகிப்போச்சு. எனக்கு எதுவானாலும் வால்தான் முதல்ல.”

என் நோட்டை வாங்கி, அந்த நீளமான சொல்லில் இரண்டு கோடுகள் போட்டாள்.

“கடைசியில ‘எக்டமி’. வெட்டி எடுக்கறது. அது தெரிஞ்சா என்ன பண்ணப் போறாங்கன்னு தெரிஞ்சிடும். இப்ப தலைக்குப் போங்க. ‘ஹெமி’. பாதி. நடுவுல என்ன இருக்கு?”

“தைராய்டு.”

“அவ்வளவுதான். தைராய்டுல பாதிய வெட்டி எடுக்கறது. இக்கான் பிலிஸ் உரிப்பீங்கள்ல? அதே மாதிரி. வால ஒரு கிள்ளு, தலைய ஒரு கிள்ளு, நடுவுல சதை.”

“இக்கான் பிலிஸ்ல வால யாரு கிள்ளுவா?”

“கிள்ள மாட்டாங்க. அதனாலதான் யாருக்கும் டாக்டர் எழுதறது புரியல.”

அன்று சாயங்காலத்துக்குள் என் நோட்டில் வால்கள் குவிந்தன. ‘ஐடிஸ்’ வந்தால் அழற்சி. அந்த இடம் சிவந்து வீங்கிக் கொதிக்கிறது. ‘ஸ்கோப்பி’ என்றால் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது. ‘கிராஃபி’ படம் பிடிப்பது. ‘ஓமா’ கட்டி. பிறகு தலைகள்: ‘ஹைப்பர்’ அளவுக்கு மேல், ‘ஹைப்போ’ அளவுக்குக் கீழ், ‘டிஸ்’ கோளாறு, ‘அ’ என்று மொட்டையாக நின்றால் இல்லவே இல்லை. தைராய்டையே கிள்ளிக் காட்டினாள். ‘ஆய்டு’ என்றால் போன்றது. முன்னால் இருப்பது பழைய கிரேக்கத்தில் கேடயம். கேடயம் போன்றது. என் கழுத்தில் ஒரு போர்வீரன் இருந்திருக்கிறான், இத்தனை நாள் தெரியவில்லை.

விஷயம் வார்டில் பரவியது. எதிர்க் கட்டில் மலாய்ப் பாட்டியம்மா, நாங்கள் மாக்சிக் என்று அழைப்பவர், தன் சீட்டை நீட்டினார். ரோஸ்லின் மலாயில் விளக்கினாள். ‘கோலே’ பித்தம், ‘சிஸ்ட்’ பை, ‘எக்டமி’ தெரிந்ததுதான். பித்தப்பையை எடுப்பது. மாக்சிக் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு, இவ்வளவு சின்னப் பைக்கு எதற்கு இவ்வளவு நீளப் பெயர் என்று கேட்டார். மருந்து கொடுக்க வந்த மிஸ்ஸி, எங்கள் நர்ஸ், சிரித்துக்கொண்டே மாத்திரையை நீட்டினார்.

நான் பயந்திருந்த சொல்லைக் கடைசியாகத்தான் கொடுத்தேன். நியோபிளாசம். ரோஸ்லின் அதன் நடுவில் ஒரு கோடு போட்டாள்.

“‘நியோ’ புதுசு. ‘பிளாசம்’ உருவானது. புதுசா ஒண்ணு உருவாகியிருக்கு. அவ்வளவுதான் அக்கா இந்தச் சொல்லுக்குத் தெரியும். நல்லதா கெட்டதான்னு அதுக்குத் தெரியாது. தெரியாதத சொல்லாத சொல்லு நல்ல சொல்லு.”

ஆறு வாரமாக அந்தச் சொல்லுக்குள் நானே எழுதி வைத்திருந்த மரணத்தை அவள் விரல் நுனியால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

ஆனால் அரைகுறை அறிவு என்னைச் சும்மா விடவில்லை. மூன்றாம் நாள், ஸ்கேன் அறிக்கையில் ‘செர்விக்கல்’ என்று ஒரு சொல்லைப் பார்த்தேன். பெண்களுக்கான பரிசோதனைச் சுவரொட்டிகளில் பார்த்த சொல். கருப்பை வாய்ப் புற்று. கழுத்தில் தொடங்கியது அங்கேயும் போய்விட்டதா? யாரிடமும் சொல்லாமல் மதியம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பார்வையாளர் நேரத்தில் சேகர் சூப்போடு வந்தார். அவரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்து, சூப்புச் சட்டியைக் கீழே வைக்க இடம் தேடி, என் கால்மேல் வைத்தார்.

ரோஸ்லின் திரையை விலக்கினாள். “அண்ணே, அந்தப் பேப்பர இங்க காட்டுங்க. இது என்ன ஸ்கேன்?”

“கழுத்து ஸ்கேன்.”

“அப்ப இங்க கருப்பை எப்படி வரும்? ‘செர்விக்ஸ்’னா கழுத்து, அண்ணே. கருப்பைக்கும் ஒரு கழுத்து இருக்கு, அதனால அங்கயும் அதே பேரு. பக்கத்துல என்ன எழுதியிருக்கு பாருங்க. கழுத்து நிணநீர் முடிச்சுகள் வீங்கலன்னு போட்டிருக்கு. நல்ல சேதி. நல்ல சேதிய படிச்சிட்டு ரெண்டு பேரும் அழுதுக்கிட்டு இருக்கீங்க.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “வாலு, தலை, நடு மூணும் தெரிஞ்சாலும் அது எந்தப் பொட்டலத்துல இருந்து வந்ததுன்னு பாக்கணும் அக்கா. எந்த வார்டு, எந்தப் பேப்பர், முன்னால பின்னால என்ன இருக்கு. அதப் பாக்காம படிச்சா ஃபைல மாத்திக் குடுத்த மாதிரி.”

சேகருக்கு உயிர் திரும்பியது. “பொம்பளைக்கு ரெண்டு கழுத்தா?” என்றார்.

“ஆமா அண்ணே. நீங்க ஒண்ணத்தான் பாத்திருக்கீங்க, பாவம்.”

அந்த வாரத்தில் சேகர் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான்.

அவளுடைய சொல்லையும் நான் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. எங்கோ சோதனைக்கு அழைத்துப்போக வந்தவர் அவள் படிவத்தை மேசைமேல் வைத்தார். பழக்கதோஷம், என் கண் வாலைப் பிடித்துவிட்டது. அவள் மைலோ டின்னைத் தூக்கி அதன் மேல் வைத்தாள்.

“இது வேணாம் அக்கா.”

“சரி.”

“கோவமா?”

“இல்ல.”

“இருபத்தொரு வருஷம் மத்தவங்க ஃபைலத் தூக்கியிருக்கேன். இது என்னோடது. எந்த அலமாரின்னு எனக்குத் தெரியும்.”

அவள் போன பிறகு, நோட்டைத் திறக்காமல், மனசுக்குள் கிள்ளினேன். ‘ஸ்டாசிஸ்’ என்றால் நிற்பது. ‘மெட்டா’ என்றால் மாறி, அப்பால். மெட்டாஸ்டாசிஸ். நின்ற இடம் விட்டு வேறு இடத்தில் போய் நிற்பது. மார்பில் தொடங்கியதாக அவள் சொல்லியிருந்த நோய், அந்தக் கட்டியை எடுத்த பிறகும், வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கிறது. தொடர்ந்து மருந்து ஏற்ற வசதியாகத் தோலுக்குக் கீழே ஒரு சின்னக் கிண்ணம் பொருத்தத்தான் அவளை இந்த வார்டில் சேர்த்திருந்தார்கள். அவள் கற்றுக் கொடுத்த வித்தை அவளுக்கு எதிராகவே இவ்வளவு சுளுவாக வேலை செய்தது எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வந்தபோது என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தது. “மைலோ குடிக்கிறீங்களா?” என்றாள். குடித்தோம்.

அறுவைக்கு முந்தைய நாள் டாக்டர் வந்தார். அந்த நரம்பை எனக்கு வரைந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்தார். மூளையிலிருந்து ஒரு பெரிய நரம்பு இறங்குகிறது. அதன் பெயர் வேகஸ். அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து குரல்வளைக்குப் போகிறது; அதன் பெயரில் ‘ரிகரண்ட்’ என்று ஒரு சொல். டாக்டர் போனதும் காகிதத்தை ரோஸ்லினிடம் நீட்டினேன்.

“‘ரி’ திரும்ப. ‘கரண்ட்’ ஓடறது. திரும்பி ஓடி வர்றது. ‘வேகஸ்’னா லத்தீன்ல அலையறவன். நாடோடி.”

படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூளைக்கும் தொண்டைக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. நேராகப் போயிருக்கலாம். இடது பக்கத்து நரம்பு அப்படிப் போவதில்லை. தொண்டையைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாயை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, அதன் துடிப்பைத் தொட்டுவிட்டு, வந்த வழியே மேலே ஏறி, அப்புறம்தான் குரலைத் தொடுகிறது. நான் மேடையில் சொன்ன ஒவ்வொரு ‘வருக’வும் நெஞ்சைச் சுற்றிவிட்டு வந்த ‘வருக’. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவள் என்று சிறுவயதிலிருந்து திட்டு வாங்கியவள் நான். எனக்குள்ளேயே ஒரு நாடோடி இருந்திருக்கிறான்; என் குரலை அவன்தான் சுமந்திருக்கிறான். நாளை அவன் நடக்கும் பாதையில் கத்தி போகப்போகிறது.

“பயமா இருக்கு ரோஸ்லின். கட்டி கெட்டதா இருந்தாக்கூடப் பரவால்ல. குரல் போச்சுன்னா நான் யாரு?”

அவள் ஆறுதல் சொல்லவில்லை. “அக்கா, எனக்கு ஒண்ணு பண்ணுவீங்களா? கல்யாணத்துல கூப்பிடற மாதிரி என்ன ஒரு தடவ கூப்பிடணும். என் கல்யாணம் மாதா கோயில்ல சிம்பிளா முடிஞ்சிடுச்சு. மைக்கு எல்லாம் இல்ல. இருபத்தொரு வருஷம் ஊர்ல உள்ளவங்க பேர எல்லாம் தொலையாமப் பாத்துக்கிட்டேன். என் பேர யாரும் சத்தமாக் கூப்பிட்டதில்ல.”

“இப்பவே கூப்பிடறேன்.”

“இப்ப வேணாம். ஆப்பரேஷனுக்கு அப்புறம்.”

“குரல் வரலன்னா?”

“அதுக்குத்தான் அப்புறம்ங்கறேன். குரலுக்கு ஒரு வேலை இருக்குன்னு தெரிஞ்சா வந்துதானே ஆகணும்.”

மறுநாள் காலை பையில் துண்டு எடுக்கக் கைவிட்டபோது ஒரு சின்ன வெள்ளைப் பலகை தட்டுப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் எழுதி அழிக்கும் பலகை, பேனாவோடு.

“ஏங்க, இது என்ன?”

சேகர் காற்றாடியைப் பார்த்தார். “சும்மா. சாமான் லிஸ்ட் எழுதறதுக்கு.”

“ஆஸ்பத்திரியிலயா?”

பலகையின் மேல் ஓரத்தில் அவர் முன்கூட்டியே மூன்று சொற்களைக் கட்டம் கட்டி எழுதியிருந்தார், நான் விரல் வைத்துக் காட்ட வசதியாக. தண்ணி. வலி. மூன்றாவது கட்டத்தில்: சேகர். திருமணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் எனக்கு எழுதிய ஒரே கடிதம் அதுதான்.

மயக்க மருந்து ஏறும்போது அந்தச் சொல்லையும் கிள்ளிப் பார்த்தேன். அனஸ்தீசியா. வால், உணர்வு. தலை, இல்லை. நடுவில் என்ன இருக்கிறது என்று தேடுவதற்குள் நானும் இல்லை.

விழித்தபோது கழுத்தில் கட்டு. டாக்டர் குனிந்து பேசச் சொன்னார். நான் ‘ஆ’ என்றேன். மணலில் செருப்பைத் தேய்த்த சத்தம் வந்தது. நரம்பைக் கண்ணால் பார்த்தேன், அறுபடவில்லை, களைத்திருக்கிறது என்றார். வாரமோ மாதமோ ஆகலாம்; திரும்புமா என்று இப்போதே உறுதி சொல்ல முடியாது. கத்தக் கூடாது. ரகசியக் குரலிலும் பேசக் கூடாது, அதுவும் தொண்டையை இறுக்கும். கொஞ்சமாக, மெதுவாக.

சேகர் கட்டிலருகே வந்து, பலகையை எடுத்து, ‘வலிக்குதா’ என்று எழுதிக் காட்டினார். நான் பேனாவைப் பிடுங்கி, ‘நான் செவிடு இல்ல’ என்று எழுதினேன். பக்கத்துக் கட்டிலில் ரோஸ்லின் சிரித்த சிரிப்பில் அவளுக்கே கிண்ணம் பொருத்திய தையல் இழுத்துவிட்டது.

மிஸ்ஸிகள் மணிக்கொரு தரம் விரல் நுனியில் எறும்பு ஊர்கிறதா, உதடு மரத்திருக்கிறதா என்று கேட்டார்கள். தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு அரிசி அளவில் நான்கு சுரப்பிகள் உண்டு. இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் காப்பவை அவைதாம். பாராதைராய்டு. அவற்றுக்கு அடிபட்டால் விரல் மரக்கும். ரோஸ்லின் அதையும் விடவில்லை.

“‘பாரா’ன்னா பக்கத்துல இருக்கறது அக்கா. பேரே அதுக்கு அவ்வளவுதான். பெருசா ஒண்ணும் இல்ல, பக்கத்துல இருக்கு. நம்ம ரெண்டு கட்டிலும் பாரா.”

முடிவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் கழித்து வந்த அறிக்கையில் ‘அடினோமா’ என்று இருந்தது. டாக்டர் வாய் திறப்பதற்குள் நான் வாலைப் பிடித்திருந்தேன். ஓமா, கட்டி. அடினோ, சுரப்பி. பக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் பார்த்தேன், பொட்டலத்தை மறக்கவில்லை. பரவவில்லை என்று இருந்தது. சாதாரணக் கட்டி. சேகர் அந்த அறையிலேயே நாத்தனாருக்கு அழைத்து, முதல்முறையாக, “கட்டி சாதாரணமானதுதான்,” என்று அதன் பெயரைச் சொன்னார். குரல் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. இரண்டு கல்யாணங்களை வேறு ஒருவருக்குக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் ஒருநாள் குளியலறையில் பழைய குரலில் பாதி வந்தது. இப்போது முக்கால். உச்சியில் கொஞ்சம் பிசிறுகிறது. ஆனால் ஒரு வாசலிலிருந்து வீட்டுக்குள் கேட்கும்.

என் அறுவை முடிந்த மூன்றாம் நாள் ரோஸ்லினை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் அண்ணன் சாஆவிலிருந்து வேன் கொண்டு வந்திருந்தார். ஜெபமாலை, மைலோ டின், இரண்டு துண்டு, எல்லாம் ஒரு பையில் அடங்கின. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். அவள் கேட்டிருந்த அழைப்பு எனக்கு நினைவு வந்தது.

நான் கட்டிலைவிட்டு எழுந்தேன். பலகைப் பேனாவை மைக்குப் போலப் பிடித்தேன்.

“டாக்டர் என்ன சொன்னாங்க?” என்றார் சேகர். நான் கையை உயர்த்தினேன். அவருக்கு அந்தக் கை தெரியும். எத்தனையோ மண்டபங்களில் கடைசி வரிசையில் நின்று பார்த்திருக்கிறார். ஒதுங்கினார். மாக்சிக் எழுந்து உட்கார்ந்தார். மருந்து வண்டி நின்றது.

மண் அரைபடும் குரலில், அவசரப்படாமல் தொடங்கினேன்.

“அன்பார்ந்த வார்டு மக்களே. இதோ, சாஆ நகரத்திலிருந்து வந்து நம்மோடு தங்கியிருந்தவர். இருபத்தொரு ஆண்டுகளாக ஒருவருடைய பெயரையும் தொலைய விடாதவர். நமக்கெல்லாம் வாலிலிருந்து படிக்கக் கற்றுக் கொடுத்தவர். பக்கத்தில் இருப்பது என்றால் என்ன என்று காட்டியவர். உங்கள் கண்களை இந்தப் பக்கம் திருப்புங்கள். இவர்தான்…”

அங்கே நின்றுவிட்டது. உதடு அசைந்தது, மூச்சு வந்தது, ஒலி வரவில்லை. பதினெட்டு வருட விதி. பெயரைக் கடைசியில் வைத்திருந்தேன். கடைசிவரை குரல் இருக்கவில்லை. இன்னொரு முறை முயன்றேன். காற்றுதான். சேகர் ஓடிவந்து பலகையை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தேன். அது எழுதிக் காட்ட வேண்டிய பெயர் இல்லை.

மாக்சிக் மெதுவாகக் கைதட்டினார். பிறகு மிஸ்ஸி. பிறகு பெயர் தெரியாத கட்டில்கள். பெயரில்லாமலே வந்த கைதட்டலை அன்றுதான் முதலில் கேட்டேன். எனக்குக் கண் மறைத்தது. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவள் அண்ணன் கதவுவரை போய்விட்டார். ரோஸ்லின் கையை உயர்த்தி அவரை நிறுத்தி, உடம்பைச் சிரமப்பட்டுத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“பேரு உங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா. தொலைச்சிடாதீங்க. குரல் வந்ததும் சாஆவுக்கு வாங்க, வாசல்ல நின்னு கூப்பிடுங்க. எழுந்து வர கொஞ்சம் நேரமாகும். ஆனா வர்றேன்.”